எலுமிச்சைச் சாறும் ரேடியோ வால்வும்

மஞ்சள் கறை படிந்த துணியில் சோப்பைத் தேய்த்தால் கறை சட்டென்று சிவந்துவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பின் மீது சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சள் தோன்றும். சோப்புக் கரைசல் காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாறு அமிலத்தன்மை உடையது. மஞ்சள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் மஞ்சளிடம் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "எவ்வளவு காரம்? எவ்வளவு அமிலம்?" அதற்கு மஞ்சளிடம் விடை இல்லை. பாலையும் எலுமிச்சைச் சாற்றையும் தூய நீரையும் அது ஒன்றுபோலவே நடத்தும். மூன்றிலும் மஞ்சளாகவே நிற்கும்.

இந்த 'எவ்வளவு' என்ற கேள்விக்கு விடை தரும் கருவிதான் பி.எச். மானி. ஒரு கண்ணாடிக் குமிழைத் திரவத்தில் நனைத்தால் போதும். சில நொடிகளில் எண் தெரிந்துவிடுகிறது. இந்தச் சிறு கருவிக்கு ஒரு விந்தையான வரலாறு உண்டு. அதற்குத் தேவையான அளவுகோலும் கண்ணாடிக் குமிழும் 1909ஆம் ஆண்டிலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டன. அப்படியிருந்தும் எவரும் எளிதாகக் கையாளக்கூடிய கருவி வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. ஏன் என்று பார்ப்போம்.

நிறம் சொன்ன சேதி

1664ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வயலட் பூக்களிலிருந்து எடுத்த நீலச் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும் என்று அதில் எழுதினார். பின்னர் லிட்மஸ் முதலிய பல நிறங்காட்டிகள் ஆய்வுக்கூடங்களில் இடம் பிடித்தன. பல நிறங்காட்டிகளைக் கலந்து பயன்படுத்தினால் அமிலத்தின் அளவை ஓரளவு மதிப்பிடவும் முடிந்தது.

எனினும் நிறங்காட்டிகளுக்குச் சில குறைகள் உண்டு. சோதிக்கும் திரவமே நிறமுடையதாக இருந்தால் அதில் நிற மாற்றத்தைக் காண்பது எப்படி? இரத்தத்தில் லிட்மஸின் சிவப்பை எங்கே தேடுவது? ஒருவர் கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்கு ஊதாவாகத் தெரியலாம். சில திரவங்கள் நிறங்காட்டியையே வெளுக்கச் செய்துவிடும். இந்தக் கடைசிக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் திருப்பம் அதில்தான் இருக்கிறது.

சுழிகளை எண்ணிய சோரன்சன்

அமிலம் ஏன் அமிலமாக இருக்கிறது? 1880களில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் இதற்கு விடை கூறினார். அமிலங்கள் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது நேர் மின்னேற்றம் பெற்ற ஹைட்ரஜன் துகள்களை, வெளிவிடுகின்றன. அந்த அயனிகள் மிகுந்தால் அமிலத்தன்மை மிகும். குறைந்தால் காரத்தன்மை மிகும். ஆகவே அமிலத்தை அளப்பதென்றால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை அளப்பதே ஆகும்.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மதுபான ஆலை ஒன்றின் உரிமையாளர் 1875இல் நிறுவிய ஆய்வுக்கூடம் அது. அதன் வேதியியல் பிரிவின் தலைவரான சோரன் சோரன்சன் நொதிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். திரவத்தில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு சற்றே மாறினாலும் நொதிகளின் வேலைத்திறன் பெரிதும் மாறுவதை அவர் கண்டார். ஆனால் அந்தச் செறிவை எண்ணாக எழுதுவது பெருந்தொல்லையாக இருந்தது. ஒரு லிட்டர் தூய நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் எடை ஏறத்தாழ ஒரு கிராமில் ஒரு கோடியில் ஒரு பங்கு. இத்தகைய பின்னங்களை ஒவ்வொரு முறையும் எழுதுவது எளிதா?

சோரன்சன் ஒரு குறுக்கு வழி கண்டார். ஒரு கோடி என்ற எண்ணில் ஒன்றுக்குப் பின் ஏழு சுழிகள் இருக்கின்றன. அந்த ஏழை மட்டும் எழுதினால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் பி.எச். அளவுகோல். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் பி.எச். 3, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் பி.எச். 4. இடைப்பட்ட செறிவுகளுக்கு மடக்கை வாய்பாடு உதவும். சோரன்சன் இதனை 1909இல் வெளியிட்டார்.

இந்த அளவுகோலில் இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. முதலாவது, எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது. இரண்டாவது, ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை ஒரு மடங்கு அல்ல, பத்து மடங்கு ஆகிறது. அறை வெப்பத்தில் தூய நீருக்குப் பி.எச். 7. பாலுக்கு ஏறத்தாழ 6.6, எலுமிச்சைச் சாற்றுக்கு ஏறத்தாழ 2. நம் இரத்தம் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கிறது. அது 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் எண்ணில் மாற்றம் சிறிதுதான். ஆனால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரு மடங்காகிவிட்டது என்று பொருள்!

அளவுகோல் கிடைத்துவிட்டது. அளப்பது எதனால்? சோரன்சன் நிறங்காட்டிகளையும் ஹைட்ரஜன் மின்வாயையும் பயன்படுத்தினார். ஹைட்ரஜன் மின்வாய் என்பது பிளாட்டினத் துண்டின் மீது ஹைட்ரஜன் வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தும் அமைப்பு. துல்லியமானதுதான், ஆனால் வாயுக் கலம், குழாய்கள், பொறுமையான காத்திருப்பு எல்லாம் தேவை. கந்தகச் சேர்மங்கள் போன்றவை பட்டால் பிளாட்டினம் செயலிழந்தும் விடும்.

கண்ணாடி காட்டிய வழி

மின்சாரம் கடத்தாத பொருளுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் கண்ணாடியைத்தான் சொல்கின்றன. ஆனால் 1906இல் மாக்ஸ் கிரெமர் என்ற ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் ஒரு புதுமையைக் கண்டார். மிக மெல்லிய கண்ணாடிச் சவ்வின் ஒரு பக்கம் அமிலக் கரைசலும் மறுபக்கம் வேறொரு கரைசலும் இருந்தால் அவற்றிடையே ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதே அது.

1909இல் ஃபிரிட்ஸ் ஹேபரும் போலந்து நாட்டவரான சிக்மண்ட் கிளெமென்சியேவிச்சும் இதனை முறையாக ஆராய்ந்தனர். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முறையால் பின்னர் புகழ்பெற்ற அதே ஹேபர்தான். மெல்லிய கண்ணாடிக் குமிழை அவர்கள் கரைசலில் நனைத்தார்கள். கரைசலின் அமிலத்தன்மைக்கு ஏற்ப மின்னழுத்தம் ஒழுங்காக மாறுவதைக் காட்டினார்கள். கண்ணாடி மின்வாய் இவ்வாறு உருவாயிற்று. சோரன்சனின் அளவுகோல் வெளியானதும் அதே ஆண்டில்தான்!

கண்ணாடி எப்படி அமிலத்தை உணர்கிறது? நீரில் ஊறும்போது கண்ணாடியின் மேற்பரப்பு நீரை ஏற்று மிக மெல்லிய கூழ் போன்ற படலமாகிறது. கண்ணாடிக்குள் இருந்த சோடியம் அயனிகள் அப்படலத்திலிருந்து வெளியேற, கரைசலின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களில் அமர்கின்றன. கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்தால் படலமும் மிகுதியாக ஏற்கிறது. குமிழின் உள்ளே செறிவு மாறாத ஒரு கரைசல் அடைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உட்புறம் எப்போதும் ஒரே நிலையில் நிற்கும். உள்ளும் புறமும் வேறுபடுவதால் மின்னழுத்தம் தோன்றுகிறது. ஹைட்ரஜன் அயனி எதுவும் கண்ணாடியைத் துளைத்து உள்ளே போவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்த மின்னழுத்தம் எவ்வளவு? ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் வகுத்த சமன்பாடு இதற்கு விடை தருகிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், பி.எச். ஒரு படி மாறினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும். டார்ச் விளக்கின் ஒரு மின்கலம் தரும் 1.5 வோல்ட்டில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. சிறியதுதான், ஆனால் 59 மில்லிவோல்ட்டை அளக்கும் கருவிகள் அந்நாளிலேயே இருந்தன. பின் தடை எங்கே வந்தது?

ஊற்று மெலிந்த கிணறு

கோடையில் ஊற்று மெலிந்துபோன ஒரு கிணற்றை எண்ணிப் பாருங்கள். அதன் நீர்மட்டத்தை அறிய வேண்டும். வாளி வாளியாக நீரை இறைத்து மட்டத்தைக் கணக்கிட முயன்றால் என்ன ஆகும்? அளந்து முடிப்பதற்குள் மட்டம் இறங்கிவிடும். நீங்கள் அளந்தது இருந்த மட்டத்தை அல்ல, நீங்கள் குறைத்துவிட்ட மட்டத்தை. நீரைத் தொடாமல் எட்டிப் பார்ப்பவனுக்கே உண்மையான மட்டம் தெரியும்.

கண்ணாடி மின்வாய் அத்தகைய கிணறுதான். கண்ணாடியின் மின்தடை மிக மிக அதிகம். பல கோடி ஓம் வரை போகும். மின்தடை பத்துக் கோடி ஓம் என்று கொள்வோம். 100 மில்லிவோல்ட் அழுத்தத்தில் அதன் வழியே பாயக்கூடிய மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கே. அக்காலத்துச் சாதாரண கால்வனாமீட்டரின் முள்ளை நகர்த்த இது போதாது. அந்த அளவு மின்னோட்டத்தை எடுத்தாலும் மின்னழுத்தம் வீழ்ந்து எண் பொய்யாகிவிடும்.

ஹேபர் குழுவினர் குவாட்ரன்ட் எலக்ட்ரோமீட்டர் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அது மின்னோட்டத்தை எடுக்காமலே அழுத்தத்தைக் காட்டும். ஆனால் மெல்லிய இழையில் தொங்கும் அதன் முள் சிறு அதிர்வையும் ஈரக் காற்றையும் தாங்காது. தேர்ந்த கைகளுக்கே அது கட்டுப்படும். வேறு சிலர் தடையைக் குறைக்கக் கண்ணாடியை மேலும் மேலும் மெல்லியதாக ஊதினார்கள். அக்குமிழ்கள் கை பட்டாலே உடைந்தன. 1930இல் அமெரிக்காவில் மெக்இன்னஸ், டோல் என்ற இருவர் பலவகைக் கண்ணாடிகளைச் சோதித்து நல்லதொரு கலவையைக் கண்டுபிடித்தார்கள். சிலிக்கா 72 பங்கு, சோடியம் ஆக்சைடு 22 பங்கு, கால்சியம் ஆக்சைடு 6 பங்கு என்பது அந்தக் கலவை. கண்ணாடி செம்மைப்பட்டது, ஆனால் கிணற்றை எட்டிப் பார்க்கும் எளிய வழி மட்டும் இன்னும் ஆய்வாளர் அனைவருக்கும் எட்டவில்லை.

கொரோனா நகரிலிருந்து வந்த நண்பர்

அந்த வழி வேறொரு துறையில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. தொலைபேசிக்கும் வானொலிக்கும் வெற்றிடக் குழாய்கள் பெருகிய காலம் அது. நம் வீடுகளில் ரேடியோ வால்வு என்று அழைத்தோமே, அதுதான் வெற்றிடக் குழாய். அதன் நடுவே ஒரு கம்பி வலை உண்டு. அந்த வலைக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், குழாய்க்குள் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. வலை தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமோ மிக மிகச் சொற்பம். கிணற்றில் நீர் மொள்ளாமல் மட்டத்தை எட்டிப் பார்க்கும் ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா! 1920களின் இறுதியில் சில ஆய்வாளர்கள் கண்ணாடி மின்வாயையும் வால்வையும் இணைத்துப் பார்த்திருந்தார்கள். ஆனால் அவை மேசையில் பரப்பி வைத்த தனித்தனிப் பகுதிகளாகவே இருந்தன. அமைத்தவருக்கே அவை பயன்பட்டன.

இந்நிலையில்தான், 1934இல், கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர்னால்ட் பெக்மனைத் தேடி ஒரு பழைய கல்லூரி நண்பர் வந்தார். பெக்மன் 1900ஆம் ஆண்டில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது வெற்றிடக் குழாய்களை நன்கு அறிந்துகொண்டவர். வந்த நண்பர் கிளென் ஜோசப், கொரோனா என்னும் ஊரில் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேதியியலர். விற்பனைக்கு ஆகாத எலுமிச்சைகளிலிருந்து சிட்ரிக் அமிலமும் பெக்டினும் எடுக்கும் இடம் அது.

ஜோசப்பின் துன்பம் இதுதான். எலுமிச்சைச் சாறு கெடாதிருக்க அதில் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பார்கள். அது லிட்மஸை வெளுத்துவிட்டது. ஹைட்ரஜன் மின்வாயையோ நஞ்சூட்டிச் செயலிழக்கச் செய்தது. மிஞ்சியது கண்ணாடி மின்வாய் ஒன்றே. கால்வனாமீட்டரோடு சேர்த்துப் பயன்படுத்த அதற்குப் பெரிய, மெல்லிய குமிழ் தேவைப்பட்டது. அது உடைந்துகொண்டே இருந்தது.

பெக்மன் கண்ணாடியைத் திருத்த முயலவில்லை. "வால்வைக் கொண்டு பெருக்கினால் குமிழ் சிறியதாகவும் தடிப்பாகவும் இருக்கலாமே" என்பது அவர் எண்ணமாக இருந்தது. இரண்டு வால்வுகள் கொண்ட பெருக்கி ஒன்றைத் தாமே செய்து கொடுத்தார். சில மாதங்கள் சென்றன. ஜோசப் மறுபடியும் வந்து இன்னொன்று வேண்டுமென்று கேட்டார். முதற்கருவி பழுதாகிவிட்டதா? இல்லை! உடன் பணிபுரிவோர் ஓயாமல் இரவல் வாங்கிச் சென்றதால் அது அவர் கைக்கே கிடைப்பதில்லையாம்.

ஒரே ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு தேவை என்றால் உலகத்துக்கு எத்தனை தேவைப்படும் என்று பெக்மன் சிந்தித்தார். மின்வாய்கள், பெருக்கி, மின்கலங்கள், அளவுமுள் எல்லாவற்றையும் தூக்கிச் செல்லத்தக்க ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கினார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம். 1934 அக்டோபரில் காப்புரிமை கோரினார். அது 1936 அக்டோபரில் வழங்கப்பட்டது. 1935இல் 195 டாலர் விலையில் கருவி விற்பனைக்கு வந்தது. ஃபிலடெல்ஃபியா நகரின் பெரிய விற்பனை நிறுவனம் ஒன்று, பத்து ஆண்டுகளில் 600 கருவிகள் வரை விற்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு மிகக் குறைவு என்பதை விற்பனை விரைவிலேயே காட்டியது. தோல் பதனிடுவோர், சர்க்கரை ஆலையினர், குடிநீர் வழங்குவோர், மண்ணை ஆராய்வோர் எனப் பலரும் அதைத் தேடினார்கள்.

கோபன்ஹேகன், 1952

பழச்சாற்றுக்காகப் பிறந்த இம்முறை மனித உயிரைக் காக்க நின்ற ஒரு சமயமும் உண்டு. அது நிகழ்ந்தது சோரன்சனின் ஊரிலேயே.

1952ஆம் ஆண்டின் கோடையில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடிய தொற்றாகப் பரவியது. நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு உதவ அங்கே இருந்தவை ஓர் 'இரும்பு நுரையீர'லும் மார்பில் பொருத்தும் ஆறு கருவிகளும் மட்டுமே. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

மருத்துவமனையில் வழக்கமாக அளந்துவந்தது இரத்தத்திலுள்ள மொத்தக் கரியமில வாயுவின் அளவை. அது மிக உயர்ந்திருந்தது. இரத்தத்தில் கரியமில வாயுவின் பெரும்பகுதி பைகார்பனேட் என்ற உப்பாக இருக்கிறது. ஆகவே காரணம் புரியாத ஏதோ ஒரு வகையில் இரத்தத்தில் காரம் மிகுந்துவிட்டது என்று மருத்துவர்கள் கருதினார்கள். மயக்க மருந்து வல்லுநரான பியோர்ன் இப்சன் இதை மறுத்தார். நோயாளிகள் போதிய அளவு மூச்சு விடவில்லை. வெளியேற வேண்டிய கரியமில வாயு உடலிலேயே தேங்கி இரத்தத்தை அமிலமாக்குகிறது என்றார் அவர்.

ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள்! காரம் என்றால் ஒரு சிகிச்சை; அமிலம் என்றால் முற்றிலும் வேறு சிகிச்சை. நிறங்காட்டியால் இதைத் தீர்க்க முடியாது. தீர்ப்பளிக்கக்கூடியது பி.எச். ஒன்றே. கண்ணாடி மின்வாயால் அளந்தபோது உண்மை புலப்பட்டது. இரத்தம் அமிலப் பக்கமே சாய்ந்திருந்தது. இப்சன் சொன்னதே சரி.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், மூச்சு ஓயும் நிலையிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக் குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் செய்தார் இப்சன். ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளது நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். தேங்கிய கரியமில வாயு வெளியேறியது. சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு, இரவும் பகலும் நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அழுத்தினார்கள். மாண்டவர்களின் விகிதம் பெரிதும் குறைந்தது. இன்று மருத்துவமனைகளில் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் இதுவே என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். அப்பிரிவுகளில் இரத்தத்தின் கரியமில வாயுவை அளக்கப் பயன்படும் மின்வாயும், உள்ளே பார்த்தால், சவ்வு போர்த்திய ஒரு பி.எச். மின்வாய்தான்.

எண்ணை நம்பும் முன்

ரேடியோ வால்வின் இடத்தை இன்று கடுகளவுகூட இல்லாத டிரான்சிஸ்டர்கள் பிடித்துக்கொண்டன. மரப்பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியாகிவிட்டது. முள் போய் ஒளிரும் எண் வந்தது. ஆனால் நுனியில் பெரும்பாலும் அதே கண்ணாடிக் குமிழ்தான். அதனோடு, மின்சுற்றை முழுமையாக்க, கரைசல் எதுவாயினும் மாறாத மின்னழுத்தம் தரும் ஒப்பீட்டு மின்வாய் ஒன்றும் இருக்கும். இரண்டையும் ஒரே குழாயில் அமைப்பது இன்றைய வழக்கம்.

உங்கள் கல்லூரியிலோ மண் பரிசோதனைக் கூடத்திலோ இக்கருவியைக் கையாளும் வாய்ப்புக் கிடைத்தால் மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். முதலாவது, குமிழைக் காய விடாதீர்கள்; அமிலத்தை உணர்வது அதன் ஈரப் படலமே. இரண்டாவது, வெப்பநிலையைக் கவனியுங்கள். ஒரு படிக்கான மின்னழுத்தம் 0 டிகிரியில் 54 மில்லிவோல்ட், உடல் வெப்பத்தில் 61.5. கருவிக்கு இதைத் தெரிவிக்காவிட்டால் அது தவறான எண்ணைத் தயங்காமல் காட்டும். மூன்றாவது, அளக்கும் முன் பி.எச். நன்கு தெரிந்த இரண்டு தாங்கல் கரைசல்களில் நனைத்துக் கருவியைச் சரிபாருங்கள். கண்ணாடிக் குமிழ்கள் நாளாக ஆக முதுமை அடைகின்றன. ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதும் இல்லை.

கருவி உண்மையில் அளப்பது மின்னழுத்தத்தை மட்டுமே. அதை அமிலத்தின் அளவாகப் படிக்கச் சொல்லிக் கொடுப்பவை அந்த இரண்டு கரைசல்கள். கோபன்ஹேகனில் கரியமில வாயுவின் அளவும் சரியாகத்தான் இருந்தது. அதன் பொருளைப் படித்ததில்தான் பிழை நேர்ந்தது. எண்ணைப் பார்த்தவுடன் எழுதிவிடாமல், அது எதைச் சொல்கிறது என்று ஒரு கணம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.